அலையில்லாத இடம்

சுற்றுலாக் கப்பலில் எங்களோடு வந்த கூட்டம் முழுக்கத் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள கடற்கரைக்கு பஸ் ஏறிப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. ஆளில்லாத கடற்கரைதான் வேண்டும் என்று டாக்சிக்காரரிடம் அடம்பிடித்து எங்களை இங்கே கூட்டி வந்திருக்கிறார். "குளிக்கவா, சும்மா பாக்கவா?" என்று டாக்சிக்காரர் கேட்டதற்கு, "வேற எதுக்கு வருவாங்க, குளிக்கத்தான்" என்று சிரித்தார். டாக்சி கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. வெயில் மணலில் வெள்ளையாகக் கொதிக்கிறது. குளிப்பவர்களைக் கண்காணிக்கும் காவலாளி உட்காரும் உயரமான நாற்காலியில் ஒரு காகம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் கம்பத்தில், குளிக்கலாமா கூடாதா என்று காட்டும் கொடி இல்லை. வெறும் கயிறு காற்றில் டங் டங்கென்று அடிக்கிறது. இரண்டு பக்கமும் அலைகள் ஆளுயரத்துக்கு எழுந்து உடைகின்றன. நடுவில் மட்டும், ஒரு தெருவின் அகலத்துக்கு, நுரையே இல்லாமல் தண்ணீர் இஸ்திரி போட்ட மாதிரி கருநீலமாகக் கிடக்கிறது. "பாத்தியா, பாப்பாவுக்குன்னே செஞ்ச இடம்" என்று மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் இறங்குகிறார். மகள் தன் பந்தை முன்னால் வீசுகிறாள். பந்து கரைக்குத் திரும்பி வரவில்லை. யாரோ நூல் கட்டி இழுப்பதைப் போல, நேராக, அவசரமே இல்லாமல், கடலுக்குள் போகிறது. விரித்த துண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன். "போதும், வெளிய வாங்க!" அவர் திரும்பிக் கையாட்டுகிறார். "இங்க அலையே இல்லம்மா, நீயும் வா!" முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது அவர் மார்பைத் தொடுகிறது. அவர் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை; பந்து போன வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறார்.