மாப்பிள்ளைக்குப் பிடித்த படம்

"சுவிஸ் மாப்பிள்ளைக்குப் படம் நல்லாப் பிடிச்சிட்டுது. தை பிறக்கட்டும், கலியாண எழுத்தை வைப்பம்" என்றார் தரகர் சிவக்கொழுந்து.

வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய் வவுனியாவில் வீட்டோடு இருந்த ராஜினிக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அவள் யாருக்கும் படம் கொடுக்கவில்லை. தாய் அமராவதியைப் பார்த்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எந்தப் படம் ஐயா? காட்டுங்கோ பாப்பம்" என்றாள் ராஜினி.

தரகர் எடுத்து நீட்டினார். படத்தில் ராஜினி ஈரத்தலையும் வீட்டுச் சட்டையுமாக நின்றாள். நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்த பலகையில் வீட்டு இலக்கம். பாதுகாப்புப் பதிவென்று வீடு வீடாக வந்த படையினர் வாசலில் நிறுத்தி எடுத்த படம் அது.

"இது எப்பிடி உங்களிட்ட வந்தது?"

"பதிவு செய்யிற இடத்தில எனக்கொரு ஆள் இருக்கு, பிள்ளை. இந்தப் பக்கத்துக் குமர்ப்பிள்ளையள் எல்லாற்ரை படமும் அவனிட்ட வாங்கலாம்" என்று தரகர் பெருமையாகச் சிரித்தார்.

ராஜினி படத்தைப் பறித்துக் கவிழ்த்துப் பிடித்தாள். எத்தனை ஆண்கள் அந்தப் படத்தைக் கையில் வைத்துப் பார்த்தார்களோ!

"அம்மா, இந்தாளை எழும்பிப் போகச் சொல்லுங்கோ!"

அமராவதி கதிரையைத் தரகருக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"அப்ப, என்ரை சின்னவளின்ரை படமும் அவரிட்ட இருக்குமெல்லோ அண்ணை?"