கடைசிக் கல்

"முதல்ல என் முப்பாட்டன் தலைமேல இருக்கிற சாடியை இறக்கு, நாஜுக்காரம்மா."

"உங்க முப்பாட்டனா? நாப்பது வருஷமா இதுமேலதான் சோயா சாடி வைக்கிறேன். ஒரு நாள்கூட அவர் தும்மினதில்லையே."

சண்டை அவள் வீட்டு முற்றத்தில். நடுவே மாடு படுத்தாற்போல ஒரு கற்திட்டை, ஆதி காலத்துச் சமாதியை மூடிய பெருங்கல். அவள் நாஜு என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷனை இழந்தவள், தனியாக இருப்பவள். எதிரே நின்றவர் யாங் கிசோப், யாங் வம்சத்துப் பெரியவர். ஊரில் அந்த வம்சத்துக்குப் பத்தொன்பது வீடுகள். போதாதென்று, சடங்கு மண்டபம் கட்ட இந்த முற்றமும் வேண்டுமாம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். அடுத்தவன் நிலமானாலும், இருபது வருஷம் கேள்வியில்லாமல் கிடந்த சமாதியை யாரும் அசைக்க முடியாது; சுற்றியுள்ள இடமும் வாரிசின் கைக்குத்தான். கிசோப்பின் கல்லோ மூவாயிரம் வருஷமாகக் கிடக்கிறதாம். வெள்ளை அங்கி, குதிரைமயிர்த் தொப்பி, காய்ந்த மீன், அரிசிக்கள் சகிதம் வந்து, பெயர் தெரியாத பாட்டனுக்கு இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். அவள் அகப்பையோடு வேடிக்கை பார்த்தாள்.

சண்டை நடந்த பதினைந்தாம் நாள் தொல்லியல் ஆய்வுக் குழு வந்திறங்கியது. கேட்டவரிடமெல்லாம், "நான்தான் வரவழைச்சேன்" என்றார் கிசோப். நாங்களும் நம்பினோம்.

அவளோ போகிற வருகிறவரிடமெல்லாம் அது வெறும் பாறை என்று சாதித்தாள். அவள் சாதிக்கச் சாதிக்க, கிசோப் வம்ச வரலாற்று ஏட்டைத் தூக்கிக்கொண்டு குழுவின் பின்னாலேயே அலைந்தார்.

கல்லுக்கடியில் ஒரு கல்வாளும் உடைந்த சிவப்புப் பானையும் கிடைத்தன. கிசோப் வாளைப் பார்த்து அழுதேவிட்டார்.

மலையடியிலிருந்து ஆறுவரை பதினேழு கற்கள் என்றார் குழுவை நடத்திய பேராசிரியர். மலையடியில் முதலில் குடியேறியவர்கள் தலைமுறைக்கு ஒரு கல்லாக நட்டு, எல்லையைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முற்றத்துக் கல்தான் கடைசி.

"பரவுறது எங்க ரத்தத்திலேயே இருக்கு" என்றார் கிசோப்.

"அப்ப, இவங்க வர்றதுக்கு முன்னால இங்க இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள் நாஜுக்காரம்மா.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

இடத்தைப் பாதுகாக்கச் சம்மதம் என்ற பத்திரத்தில், வாரிசு என்று கிசோப் தானே முன்வந்து முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் ஆணை வந்தது: முதல் கல்லிலிருந்து கடைசிக் கல்வரை பாதுகாக்கப்பட்ட இடம், குடியிருப்போர் வெளியேற வேண்டும். யாங் வம்சத்துப் பத்தொன்பது வீடுகளும் அதற்குள்தான் இருந்தன. அவள் வீடும்.

அவள் சாடிகளைத் துடைத்து வண்டியேற்றி, புசானில் இருக்கும் மகளிடம் போனாள். பாவம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கிசோப் குவாங்ஜுவில் பதினோராவது மாடிக்குப் போனார். அங்கே விழுந்து கும்பிட்டால் கால் கதவில் இடிக்கிறதாம்.

அவர் மகள் மிரான், ஆய்வுக் குழுவில் வந்த ஒருவனையே கட்டிக்கொண்டாள். கல்யாண நூடுல்ஸ் சாப்பிடும்போது மாமனார் "நான்தான் வரவழைச்சேன்" என்று பழைய பெருமையை ஆரம்பித்ததும், மாப்பிள்ளை மரியாதையாகக் குறுக்கிட்டான்.

"இல்ல மாமா. எங்களுக்கு வந்த மனு நாஜுக்காரம்மா பேர்ல. சண்டை நடந்த மறுநாள் தேதி."

மனுவில் இருந்தது இவ்வளவுதான்: "நாஜுவில் கற்திட்டைக்காக என் தாய்வீட்டுத் தெருவையே காலி செய்தீர்கள். இங்கேயும் வாருங்கள், ஒரு வீட்டையும் விட்டுவிடாதீர்கள்."