அரை அடி இடைவெளி

"கரி அடுப்புப் பேச்சே இங்க வேணாம். வேற இன்னா கீதோ அதச் சொல்லு."

ஷட்டருக்கு வெளியே குடையைப் பிடித்தபடி நின்ற கன்னியம்மா சொன்னதும், ஸ்டூல் மேல் ஏறி ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தணிகைவேல் திரும்பினான்.

"நான் வெக்கச் சொல்லலக்கா. மோட்டாருக்குக் காயில் கட்ற கடைங்கள்ல மழைல அப்படித்தான் காய வெப்பாங்கன்னு சொன்னேன்."

"அதான் வேணான்றேன்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெரு அது. மோசஸ் தன் வீட்டுக் கார் ஷெட்டையே பட்டறையாக்கியிருந்தான். கம்பெனிகளில் எரிந்துபோன மோட்டார்கள் இங்கே வரும். புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்துத் தர வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் வார்னிஷ் லேசில் காயாது. அதற்குச் சூடு வேண்டும் என்றுதான் பொன்னேரியிலிருந்து தணிகைவேலை வரவழைத்திருந்தான். ஆனால் வந்ததிலிருந்து பேசுவதெல்லாம் இந்த அக்காதான். மோசஸ் ஒரு மூலையில் குந்திக்கொண்டு, சுற்றிய கம்பியையே திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப கேஸ் அடுப்பு? சிலிண்டர வெளிய வெச்சிக்கலாம்."

"வார்னிஷ் வாடைல நெருப்ப வெச்சா பத்திக்காதா?"

பத்திக்கொள்ளும். கம்பி சிவக்கிற ஹீட்டரைச் சொல்ல வந்த தணிகைவேல், அதற்கும் இதே பதில்தான் என்று தானே விழுங்கிக்கொண்டான்.

"மூடின ஹீட்டர் ஒண்ணு கீது. கம்பி வெளிய தெரியாது. சூடு ஏறினா தானா ஆஃப் ஆயிடும். ஒரு இரும்புப் பொட்டி செஞ்சி, காயில அதுக்குள்ள வெச்சிக் காய வெக்கலாம். வாடை பைப்பு வழியா வெளிய போயிடும்."

"ரூம்ல கீறவங்களுக்குக் காத்து?"

"மேல எக்சாஸ்ட் ஃபேன் போட்டுடறேன்."

"கரண்ட்டு போயிட்டா?"

"ஹீட்டரும் நின்னுடுமே."

"நின்னாலும் காத்து வரணும். இந்த ஷட்டர யாரு இழுத்தாலும் முழுசா மூடக்கூடாது. அரை அடி தொறந்தே இருக்கற மாதிரி வெல்டு அடிச்சிடு."

"மழத்தண்ணி உள்ள வருமேக்கா."

"வரட்டும்."

தணிகைவேல் மோசஸைப் பார்த்தான். இடம் அவனுடையது, மோட்டாரெல்லாம் அவனுடையது. அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அக்கா சொல்ற மாதிரியே பண்ணிடுங்க."

இப்படி ஒரு அக்கா வாய்த்தால் மனுஷன் பேஜாராகித்தான் போவான் என்று நினைத்துக்கொண்டான் தணிகைவேல்.

மூன்று நாள் வேலை. மூன்று நாளும் மழை. கன்னியம்மா காலையில் வருவாள், குடையோடு ஷட்டருக்கு வெளியே நிற்பாள். மோசஸ் கொண்டுவந்து வைத்த நாற்காலியில் உட்காரவில்லை. கொடுத்த டீயை வாங்கவில்லை. "உள்ள வந்து பாருங்கக்கா" என்று தணிகைவேல் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கேட்பதையெல்லாம் அவனிடம்தான் கேட்டாள். மோசஸிடம் ஒரு வார்த்தை இல்லை. பெரிய சண்டை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் மதியம் வேலை முடிந்தது. ஷட்டரை இழுத்துக் காட்டினான். தரைக்கு அரை அடி மேலே இரும்புத் துண்டில் இடித்து நின்றது.

கன்னியம்மா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். ஷட்டரைத் தூக்கச் சொல்லி முதல் முறையாக உள்ளே வந்தாள். நேராக மூலைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"ஹீட்டரப் போடு. ஷட்டர எறக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க. ஒரு மணி நேரம் கழிச்சித் தொறந்தா போதும்."

"இன்னாத்துக்குக்கா? நான்தான் செக் பண்ணிட்டேனே."

"எறக்குப்பா."

இறக்கினான். வெளியே மோசஸ் கூரைக்கு அடியில்கூட ஒதுங்காமல் மழையில் நின்றான்.

"உங்க அக்காவுக்கு எல்லாத்துக்கும் சந்தேகம்தானா?" என்று சிரித்தான் தணிகைவேல்.

மோசஸ் சிரிக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனதும் சேற்றில் முழங்கால் போட்டு, இடைவெளியில் வாயை வைத்துக் கூப்பிட்டான்.

"யக்கா..."

"கீறேன்."

மறுபடி ஐந்து நிமிஷம். "யக்கா..."

"கீறேன், கீறேன்."

ஒரு மணி நேரமும் அவன் எழுந்திருக்கவே இல்லை. ஒரு முறை பதில் வரச் சற்றுத் தாமதமானபோது ஷட்டருக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கப் போனான். அப்போதுதான் தணிகைவேலுக்குச் சிரிப்பு போனது.

நேரம் ஆனதும் ஷட்டரைத் தூக்கினார்கள். கன்னியம்மா முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"தலவலி இல்ல. மயக்கம் இல்ல. நல்லாத்தான் போட்டுக்கீறே" என்றாள் தணிகைவேலிடம்.

"தம்பி மேல இவ்ளோ பாசம் வெச்ச அக்காவ நான் பாத்ததே இல்ல."

"தம்பியா?"

கன்னியம்மா குடையை எடுத்தாள்.

"போன மழைல, கரி அடுப்பப் பக்கத்துல வெச்சிக்கினு, சாரல் அடிக்குதுன்னு ஷட்டர மூடிக்கினு, எம்புள்ள இவருகிட்ட வேல செஞ்சான். அவன் மூச்சு முட்டிச் செத்துக் கெடந்தது அந்த மூலைலதான்."

பிறகு மோசஸை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கைக்கொழந்தக்காரிக்கு வேற எவன் வேல குடுக்கறான்? காலைல எட்டு மணிக்கு எம்மருமகள வேலைக்கு அனுப்பறேன்."