பூட்டின வீடே இல்லையா

ஜெசிந்தா மேடம் அன்று குரலை உயர்த்தினாரா, இத்தனை ஆண்டுகளில் நானே என் கோபத்தை அந்தக் குரலில் ஏற்றிவிட்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் அவர் நூலகர், நான் உதவி நூலகர். ஆய்வுத் தரவுகளைச் சரிபார்த்து அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அவை காப்பகத்தில் ஏறும். பேராசிரியர் வேதமூர்த்தி கொண்டுவந்தது, சாயப்பட்டறைக் கழிவு கலக்கும் ஓர் ஆற்றங்கரை ஊரில் வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பு. தண்ணீரால் யாருக்கும் நோயில்லை என்றது அது. அதைக் காட்டித்தான் பட்டறையை விரிவாக்க அனுமதி கேட்டிருந்தார்கள்.

மேடம் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

“சார், பூட்டின வீடே இல்லையா?”

“என்னம்மா கேக்கறீங்க?”

“கூலிக்குப் போற ஊரு. பகல்ல எல்லாரும் கதவத் திறந்துவச்சு ஒக்காந்திருந்தாங்களா? போய்யான்னு ஒருத்தர்கூட விரட்டலையா?”

“காலியா இருந்தா குறைம்பீங்க. நெரப்பினா அதுவும் குத்தமா?”

“யாரு நெரப்பினது சார்?”

மேடம் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேடத்தை நாளிதழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் ஒப்புதல் கொடுத்தார். வேதமூர்த்தி துணைவேந்தரானார். பட்டறை ஆற்றை ஒட்டிப் புதுக் கட்டடங்கள் எழுப்பியது. போன மாதம் நான் அந்த ஊருக்குப் போயிருந்தேன். இருட்டிய பிறகும் எல்லா வீடும் பூட்டியே இருந்தது.