இடுப்பளவு தண்ணீர்

இப்போதெல்லாம் சினிமா டிக்கெட்டோடு ஒரு மாத்திரையும் தருகிறார்கள். நாயகன் கிளம்பிப்போய், ஆபத்தைக் கடந்து, ஜெயித்துத் திரும்புவதாக முன்பு பார்த்த, கேட்ட கதை எதுவானாலும் மறுநாள் காலைவரை அடியோடு மறந்துபோகும். அரைத்த மாவையே அரைத்தாலும் புதுசாக இருக்கும்.

எனக்குச் சர்க்கரை இருப்பதால் மாத்திரை கிடையாது. படம் முழுக்கக் கொட்டாவி விட்டேன். மாத்திரை போட்டிருந்த என் மனைவி அபிநயா, பயத்தில் என் கையை நசுக்கிவிட்டாள்.

"அவன் உயிரோட திரும்பி வருவான்னு நான் நெனைக்கவே இல்லங்க!" என்றாள், வெளியே வந்ததும்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. முப்பது வருஷமாக நான் வாயெடுத்தாலே அவள் மடக்கிவிடும் சொந்தக் கதை ஒன்று உண்டு. அதுவும் இப்போது அவளுக்கு மறந்திருக்குமே! காபிக் கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"நம்ம பொண்ணு அப்போ கைக்குழந்தை. தெருவெல்லாம் வெள்ளம். வீட்ல பால்பவுடர் தீந்துபோச்சு. நான் கெளம்பிட்டேன்."

"ஐயோ, அப்புறம்?"

"கழுத்தளவு தண்ணி!"

வழக்கமாக இந்த இடத்தில், "இடுப்பளவுதான்" என்று குறுக்கே வருவாள். நானும் விடாமல் சண்டை போடுவேன். இன்று கண்ணை அகல விரித்துக் காத்திருந்தாள். முதலை வந்தது என்றாலும் நம்பியிருப்பாள்.

"சொல்லுங்க, அப்புறம்?"

அன்றைக்குக் குழந்தையோடு வாசலில் நின்று, நான் தண்ணீரில் இறங்கிப் போனதைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

"இடுப்பளவுதான்," என்றேன். "மிச்சத்தக் காலைல சொல்றேன். நீ சண்டைக்கு வா."