காது கேட்காத இன்னொருத்தி

செண்பகவல்லிக்கு மகள் பிறந்த மறுநாளே, குழந்தையின் ரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். அதே குழந்தையைக் கம்ப்யூட்டர் திரைக்குள் இரண்டு நகல்களாக உண்டாக்கி, ஒன்றுக்குத் தினம் இரண்டு வேளை மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், மற்றதற்கு ஒரு வேளை. இரண்டும் பிழைத்தன. ஆனால் இரண்டு வேளைப் பிள்ளைக்குக் காது போய்விட்டது. அதனால் மகளுக்கு ஒரு வேளைதான் போட்டார்கள்.

இன்று வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். கை தவறி டம்ளர் விழ, குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. செண்பகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகளின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

“சிஸ்டர், காது போன பிள்ளைய ஒரு தடவ காட்டுங்களேன்.”

“அது வெறும் கணக்குதான்க்கா. நீங்க கெளம்பினதும் அழிச்சிருவோம்” என்றபடியே நர்ஸ் ஜெசிந்தா அதைத் திரையில் கொண்டுவந்தாள். அதே மூக்கு, அதே சுருட்டை முடி. தூங்கிக்கொண்டிருந்தது.

“உன்னாலதான் தாயீ...” என்று தொடங்கிய செண்பகவல்லி, அதற்குக் காது கேட்காதே என்று நிறுத்திக்கொண்டாள். விரலில் மிச்சமிருந்த மையைத் திரையில் அதன் கன்னத்திலும் வைத்தாள்.

சாயங்காலம் திரையைத் துடைக்க வந்தவரிடம், அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாள் ஜெசிந்தா.