வெடித்த டயரில் ஒரு நம்பர்

ஈப்போவில் கிம் ஹோவின் டயர்க் கடைக்குள், வெடித்த டயரை உருட்டிக்கொண்டு ஓடிவந்தான் பூன் கியாட்.

"அண்ணே, நேத்து ஹைவேல வெடிச்சிருச்சு. வண்டியே கவுந்து உயிர் தப்பிச்சேன். இதுல எது முக்கியமான நம்பர்? சீக்கிரம் சொல்லுங்க!"

"175/65 R14. 175 அகலம், 65 பக்கச்சுவர் உயர சதவீதம், 14 ரிம். உன் சின்னக் காருக்கு இதான் அளவு."

"ஏழு எண் வருதே! நாலு எண்ணுல ஒண்ணும் இல்லையா?"

"இருக்கே, 1114. 2014-ல பதினோராவது வாரம் செஞ்சது. இவ்வளவு கிழட்டு டயரை யாராவது ஓட்டுவானா? மத்த மூணும் இதே வயசாத்தான் இருக்கும். நாலையும் மாத்து."

பூன் கியாட் அதற்குள் வாசலில் நின்றான்.

"அப்புறம்ணே! நாலு எண் லாட்டரிக் கடைய ஏழு மணிக்கு மூடிருவான். விபத்துல தப்பிச்ச வண்டி நம்பருக்குப் பரிசு விழும்னு என் கார் நம்பரை ஊரே எடுத்துத் தீர்த்துருச்சு. டயர் நம்பர் ஒருத்தனுக்கும் தெரியாது!"

இரவல் பைக்கில் பறந்தான்.

"உயிரை விட நம்பர் பெருசாப் போச்சு இவனுக்கு!" தலையில் அடித்துக்கொண்ட கிம் ஹோ, மனைவிக்குப் போன் போட்டார்.

"லாட்டரிக் கடைப் பக்கம்தானே இருக்கே? 1114 எடு. அவன் வர்றதுக்குள்ள!"